உறங்கும் காரும் உறங்காத வரையறைகளும்

பெறுநர்: ஒன்றிய மின்துறை அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: கல்வராயன் மலையில் தங்கும் விருந்தினரின் மின்சார கார் இரவில் உட்கொள்ளும் மின்சாரத்தின் குலம் கோத்திரம் குறித்துத் தெளிவுரை வேண்டுதல்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டை, சென்னைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே, அதாவது சிறிய மின்கலம் கொண்ட மின்சார கார் ஒன்றின் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையில் குறைந்துவரும் சதவீதத்தையே பார்க்கத் தொடங்கும் தொலைவில், அமைந்திருக்கிறது. இத்தகையோரின் படபடப்பை முன்பே உணர்ந்த அமைச்சகம், 2022 ஜனவரியில் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்றேனும், மூன்று கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட கட்டத்துக்கு ஒன்றேனும் பொது மின்னேற்ற நிலையம் இருக்க வேண்டும் என்று வகுத்தமைக்கு இக்கடிதம் முதற்கண் நன்றி தெரிவிக்கிறது. கட்டங்கள் வரையப்பட்ட தாள் மட்டும் சற்றே அதிகமாகத் தட்டையாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில் உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பும் கார், கள்ளக்குறிச்சியையும் கச்சிராயபாளையத்தையும் கடந்தபின், கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது.

ஒன்றரை டன் எடையுள்ள வண்டியை 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு, சக்கர உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் கணக்கில் சேர்க்காமலே, ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் செலவாகும் (ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கச் செலவிடும் ஆற்றலே ஒரு யூனிட்). இறங்கும்போது அதில் ஒரு பங்கு பிரேக்கின் வழியே மின்கலத்துக்குத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் கரியாலூர் படகுத் துறையையும் காண வந்த குடும்பம் இறங்குவதற்கு முன் ஓர் இரவு தங்கியாக வேண்டும். அவ்வாறு தங்கும் இடம், உரிமையாளர் தாமும் குடியிருந்துகொண்டு சில அறைகளை வாடகைக்கு விடும் ‘ஹோம் ஸ்டே’ ஆக இருக்கலாம். ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் இதனை ஒன்று முதல் ஆறு அறைகள் கொண்ட வீடாக வரையறுத்து, வெள்ளி, தங்கம் என இரு தரங்களாகப் பிரித்திருக்கிறது. 230 வோல்ட்டில் பதினைந்து ஆம்பியர் பவர் பிளக் ஒன்று மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் தருமாதலால், 30 யூனிட் கொள்ளும் மின்கலம், விருந்தினர் இரவு உணவு உண்டு, உறங்கி எழுந்து, காலையில் இட்லிக்கு இரண்டாவது முறை சட்னி கேட்கும் நேரத்துக்குள் நிரம்பிவிடும். நெடுஞ்சாலையோரத்து வேக மின்னேற்றக் கருவி இதற்கு வேண்டியதில்லை. வேண்டியது ஒரு பிளக்கும், அந்தப் பிளக் சட்டத்தின் கண்களில் யார் என்பதற்கான விடையும்.

விடை எளிதன்று. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி உரிமம் பெறாத எவரும் மின்சாரத்தை விற்க இயலாது என்ற தடையை நீக்க, 2018 ஏப்ரலில் அமைச்சகம் ஒரு நுட்பமான விளக்கத்தை அளித்தது: மின்னேற்றத்தின்போது மின்னாற்றல் வேதியாற்றலாக மாறி மின்கலத்தில் சேமிக்கப்படுவதால், அங்கே நிகழ்வது மின்சார விற்பனையன்று, மின்சாரத்தைப் பயன்படுத்தி வழங்கப்படும் சேவையே, ஆகவே உரிமம் தேவையில்லை. பண்டைய தருக்க நூலார் இருந்திருந்தால் இவ்விளக்கத்தைக் கேட்டு எழுந்து நின்று வணங்கியிருப்பர். இதே முறைப்படி, விருந்தினரின் கைப்பேசியில் நிகழ்வதும் வேதியாற்றல் மாற்றமே, கீசரில் நிகழ்வது வெப்பாற்றல் மாற்றம், இரவெல்லாம் ஓடும் ஏ.சி.யில் நிகழ்வது வெப்பத்தை அறையிலிருந்து வாசலுக்கு நாடு கடத்துதல். ஆயினும் இவற்றுள் எதற்கும் வழிகாட்டு நெறிமுறை வெளியிடப்படவில்லை. வாசலைத் தாண்டி நிற்கும் மின்கலத்துக்கு மட்டும் அந்தப் பெருமை கிடைத்திருக்கிறது.

சிக்கல் முற்றுவது வீதப்பட்டியில்தான். வீதப்பட்டி என்பது, ஒரே கம்பியில் வரும் மின்சாரத்துக்கு அது நுழையும் கட்டடத்தின் பயனைப் பொறுத்து வெவ்வேறு விலை வைக்கும் அட்டவணை. அமைச்சகத்தின் நெறிமுறைப்படி, வீட்டில் சொந்த வண்டிக்கு மின்னேற்றம் செய்தால் வீட்டுக் கட்டணமே பொருந்தும்; எவர் வந்தாலும் மின்னேற்றலாம் என்றால் அது பொது நிலையம். காசு கொடுத்துத் தங்கியவர் மட்டும் மின்னேற்றலாம் என்ற நிலையில், வீட்டுரிமையாளரின் வண்டியும் விருந்தினரின் வண்டியும் அடுத்தடுத்து நின்று ஒரே பிளக்கைப் பகிர்ந்துகொள்ளும்போது, நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒன்றைப் பிடுங்கி மற்றொன்றை மாட்டும் கை எந்தக் கணத்தில் குடும்பத்திலிருந்து வணிகத்துக்குத் தாவுகிறது என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்படும் 100 யூனிட் விலையில்லா மின்சாரத்தை நான்கு இரவுகளில் விருந்தினரின் கார் தின்று தீர்க்கும் என்பதால், இந்த ஆராய்ச்சியை வீண் என்று ஒதுக்கவும் இயலாது. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு வரும் இணைப்போ முற்றிலும் கட்டணமற்றது. ஆசைப்பட்டு அதில் காரை மாட்டினால், அனுமதித்த நோக்கத்துக்குப் புறம்பான பயன்பாடு என்று சட்டத்தின் 126ஆம் பிரிவு எழுந்து வந்து இருமடங்குக் கட்டணத்தை மதிப்பிடும்.

நடைமுறையில் இவ்வளவு சிந்தனைக்கு இடமின்றிக் காரியம் முடிந்துவிடுகிறது. சமையலறைச் சன்னலின் கம்பிகளுக்கிடையே நுழைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயர் துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டு காரை அடைகிறது. காரோ, ‘எர்த்’ எனப்படும் நிலத்தொடர்பு சரியில்லையென்று சிவப்பு விளக்கைக் காட்டி உண்ண மறுக்கிறது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியபின் அது சம்மதித்தாலும், “அண்ணே, மோட்டார் ஓடுது, வோல்டேஜ் எறங்கும், அரை மணி கழிச்சுப் போட்டுக்கங்க” என்று கொல்லைப்புறத்திலிருந்து குரல் வருகிறது. பத்து மணி நேரம் தொடர்ந்து பதினைந்து ஆம்பியர் இழுக்கும் மெல்லிய ஒயரும் தளர்ந்த பிளக்கும் சூடேறி உருகக்கூடும் என்ற ஒரே காரணத்துக்காகவேனும் இந்த ஏற்பாடு ஒழிய வேண்டும். பகடிக்கு இடமில்லாத இடம் இது ஒன்றுதான்.

ஆகவே, அறை வாடகையோடு சேர்ந்தோ தனி சப் மீட்டர் கணக்கிலோ தங்குவோருக்கு அளிக்கப்படும் மெதுவான மின்னேற்றம் எவ்வகையைச் சேரும் என்பதை ஒரே வாக்கியத்தில், இயன்றால் துணைப்பிரிவுகளின்றி, அறிவிக்குமாறும், தங்கத் தரம் கோரும் ஹோம் ஸ்டே ஒவ்வொன்றிலும் முறையான எர்த்தும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் கொண்ட தனி பிளக் ஒன்று வாகன நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும் எனச் சுற்றுலா அமைச்சகத்திடம் பேசுமாறும் இக்கடிதம் கேட்டுக்கொள்கிறது. அவசரம் ஒன்றுமில்லை. ஜாகிர்தார்களின் ஆட்சியிலிருந்து விடுபட்டு அரசு நிர்வாகத்தின்கீழ் வர 1976 வரை காத்திருந்த மலை இது. சுற்றறிக்கை ஒன்றுக்குக் காத்திருப்பது அதற்குப் புதிதன்று. விருந்தினர்தாம் பாவம், அவர்கள் மறுநாள் பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

நகல்: மழைக்குப்பின் பழுது பார்க்க மலைக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்கு, இறங்கியபின் படித்துக்கொள்ளும் பொருட்டு.