ஐந்து பெட்டிக்கும் பாடு உண்டு

எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் ப்ளேயர் செத்துப்போச்சு, ஸ்பீக்கர்கள் உயிரோடு இருக்கின்றன. அம்மாவின் பக்திப் பாடலோ மச்சானின் சண்டைப் படமோ, எதைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்று ஒரே பதில். பாரபட்சமே கிடையாது.

எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் கடலும் பழவேற்காடு ஏரியும் பக்கத்திலேயே. டச்சுக்காரன் 1613-ல் கட்டிய கோட்டையே பழவேற்காட்டில் மண்மேடாகக் கிடக்கிறது; ப்ளேயர் எம்மாத்திரம்? ஸ்பீக்கர் மட்டும் உப்புக்காற்றைத் தாக்குப்பிடிக்கும். உள்ளே காந்தம், காயில், கூம்பு, அவ்வளவுதான். டெர்மினலில் பச்சை பூத்தால் சுரண்டிவிட்டால் போதும். ப்ளேயருக்குள்ளோ லேசர், மோட்டார், பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கூட்டுக்குடித்தனம்.

“முழு செட்டா மாத்திடுங்க சார், சவுண்ட் பார் போட்டுக்கலாம்” என்றார் பொன்னேரிக் கடைக்காரர். பழைய ஸ்பீக்கர்களுக்கு அவர் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கூறு இறால் வராது. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியே ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்.

அங்கே ஒரு பொடியன் முதலில் கேட்டது விலையை அல்ல. “எத்தனை ஓம்ஸ்ணே?” பெட்டியின் பின்னால் 3 என்று போட்டிருந்தது. கடையில் இருந்த ரிசீவர்கள் 6, 8 கேட்கிறவை. ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கரண்ட் அதிகமாக இழுக்கும், சூடேறும், புகையும். சப்வூஃபரைப் பற்றியும் துக்கச் செய்தி சொன்னான்: கரண்ட் வயர் இல்லாத சப்வூஃபர் அது. புது ரிசீவர்கள் சப்வூஃபருக்கு வெறும் சிக்னலைத்தான் தரும். தள்ளுகிற பலத்தை அதுவே தேடிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் 3 ஓம்ஸைத் தாங்கும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினோம், கூடவே சாதா டிவிடி ப்ளேயர் ஒன்று. படம் டிவிக்கு, சத்தம் ஆம்ப்ளிஃபயருக்கு. பழைய ஸ்பீக்கர் பிளக்குகள் தங்கள் கம்பெனி ஓட்டையைத் தவிர வேறெதிலும் நுழையாத பிடிவாதக்காரர்கள். வெட்டி, தோல் சீவி, வெறுங்கம்பியாக மாட்டினோம். மச்சான் ஒன்றில் மட்டும் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிவிட்டான். ஒரு பெட்டி காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, தவில் தகர டப்பா ஆனது.

ஆனால் சேனல் இரண்டு, பெட்டி ஐந்து. எல்லாவற்றையும் இணையாகச் சேர்த்துக் கட்டினால் ஓம்ஸ் இன்னும் இறங்கிவிடும்.

“பாடு போட்டுடலாம்” என்றார் மாமா.

ஏரியில் யார் எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதை எங்கள் ஊரும், ஆண்டிகுப்பமும், நடுவூர் மாதாகுப்பமும் முறை வைத்துச் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொள்வதுதான் பாடு. இங்கேயும் மூன்று கட்சி: முன் ஜோடி, பின் ஜோடி, நடுப்பெட்டி. குலுக்கினோம். ஞாயிற்றுக்கிழமை பின் ஜோடிக்கு விழுந்தது. அது அடுப்படிச் சுவரில் இருப்பதால் அம்மாவுக்குப் பரம திருப்தி. படம் பார்க்கிற நாங்கள் சத்தம் வரும் திசையைப் பார்த்து அடிக்கடி திரும்பிக்கொள்கிறோம். நடுப்பெட்டி நாளில் சினிமா கிடையாது, செய்தி மட்டும்.

சப்வூஃபருக்கு இன்னும் பாடு இல்லை. எங்கள் பாடு முறையில் கல்யாணமானவனுக்குத்தான் பங்கு. அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிவைத்த பிறகு வரட்டும், பார்க்கலாம் என்று மாமா சொல்லிவிட்டார்.