தறி நின்று நின்று ஓடினால்?

கே: ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டான் என் பேரன். திருப்பதியில பெட்டியில வெச்சிருக்காங்க. தலையில ஒயர் ஒட்டியிருக்காங்களே, ஷாக் அடிக்காதா?
— ஒரு பாட்டி, ஏகாம்பரகுப்பம்

ப: அடிக்காது அம்மா. அந்த ஒயர் கரண்ட்டைக் கொடுக்காது, வாங்கத்தான் செய்யும். பேரனின் மூளை தானாக எழுப்பும் மின்துடிப்பு ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான். அதைப் பெருக்கிக் கோடாகக் காட்டுகிறது கருவி. ஒரு மணி நேரத்தை ஆறு சென்டிமீட்டருக்குள் சுருக்கிவிடுவதால், இரவெல்லாம் நடந்ததை நர்ஸ் ஒரே பார்வையில் படித்துவிடலாம். 1960களின் கடைசியில் லண்டனில் பெரியவர்களுக்காகச் செய்தது இது. பச்சைக்குழந்தைகளுக்கு அதைப் பழக்கியதில் சுவீடனின் லுண்ட் நகர மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கே: கோடு துள்ளுது, அப்புறம் அடங்கிப்போகுது. மூளை நின்னு நின்னு ஓடுதா?
— விசைத்தறிக்காரர், நகரி

ப: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஓடும், அடங்கும், மறுபடி ஓடும். குறைமாதக் குழந்தைக்கு அதுதான் இயல்பு. அடுத்த அறையில் இருந்தாலும் சத்தத்தை வைத்தே தறியின் நிலையைச் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? டாக்டரும் அப்படித்தான் படிக்கிறார். ஆனால் கர்ப்பக் கணக்கில் பிள்ளைக்கு எத்தனை வாரம் என்று தெரிந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். 26 வாரத்தில் நீண்ட இடைவெளி சகஜம். வாரம் ஏற ஏற அது குறுகும். 30 வாரத்தை ஒட்டி, தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வருவது கோட்டில் அலையாகத் தெரியத் தொடங்கும். நல்ல அறிகுறி அது. அதே நீண்ட இடைவெளி நிறைமாதக் குழந்தையிடம் இருந்தால் கவலைப்பட வேண்டும்.

கே: ஃபிட்ஸ் வந்தால் கண்ணுக்கே தெரியுமே, கருவி எதற்கு?
— ஓர் இளைஞர், புத்தூர்

ப: பச்சைக்குழந்தையின் வலிப்பில் பெரும்பகுதி, கைகால் உதறாமல் மூளைக்குள்ளேயே நடந்து முடியும். உதறுவதெல்லாம் வலிப்பும் அல்ல. சில நொடி வலிப்பை இந்தச் சுருக்கிய கோடும் தவறவிடும். சந்தேகம் வந்தால் முழு ஈஈஜி (மூளை மின்பதிவு)தான்.

கே: பின்னால் நடப்பானா, பேசுவானா என்று இப்போதே சொல்லிவிடலாமா?
— ஒரு தந்தை, நகரி

ப: அது ஜாதகம் அல்ல ஐயா. வலிப்புக்குப் போடும் மருந்தே கோட்டை அடக்கிவிடும். ஒரு நாள் கோட்டை மட்டும் வைத்து "தேறாது" என்பவரிடம், "மருந்து இறங்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேன், நாள்பட்ட கோடு, பிள்ளையின் அசைவு எல்லாம் சேர்ந்துதான் விடை தரும். பிரசவத் தேதியாகக் குறித்த நாளிலிருந்து மூன்று மாதம் ஆனதும், பிள்ளை விழித்து அமைதியாக இருக்கும்போது மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். கைகால் முழுக்க ஓடும் சிறு நெளிவு அசைவுகள் இருக்கின்றனவா என்று பயிற்சி பெற்றவர் பார்ப்பார். ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த முறை இது. மூளைவாதத்தை முன்கூட்டி அறிய இதைப் போல உதவுபவை சில மட்டுமே.

கே: வெளிநாட்டு முறை நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?
— கல்லூரி மாணவி, திருத்தணி

ப: கேட்க வேண்டிய கேள்வி. மூச்சுத்திணறிப் பிறந்த நிறைமாதக் குழந்தைகளின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காப்பது மேல்நாட்டில் பலன் தந்தது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதையே சோதித்தார்கள். ஹீலிக்ஸ் என்ற அந்த ஆய்வு 2021இல் வெளியானது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 31 சதவீதம். இங்கே சோதிக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பேன்.

கே: டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வரச் சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுது.
— நெசவுத் தொழிலாளி, நகரி

ப: அந்த வலி புரிகிறது. ஆனாலும் கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் பார்வையே போகலாம். அடுத்தது அந்த மூன்றாம் மாதச் சோதனை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் வளர்ச்சிக் குறைபாட்டுச் சிகிச்சை இலவசம். உங்கள் ஆஷா பணியாளரிடம் கேளுங்கள். கண், காது, நரம்பு மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும்படி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.