தலைப்பாகைக்குப் பேர் இல்லை

தெமோதரை ஸ்டேஷனுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. மலை அங்கே திடீரென்று இறங்குகிறது. கோச்சியை எப்படிக் கீழே கொண்டுபோவது என்று தெரியாமல் பொறியியலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். அவர் டி. ஜே. விமலசுரேந்திர என்பார்கள். எதிரே ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, மறுபடியும் சுற்றிக் கட்டினாராம். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஏறுவதைப் பார்த்தவருக்கு விடை அகப்பட்டுவிட்டதாம். ஸ்டேஷனைத் தாண்டிய பாதை மலையை ஒரு வட்டம் போட்டு வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைக்குப் போகிறது. 1924இல் பாதை பதுளையைத் தொட்டது. இன்றைக்கும் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து நின்று வாயைப் பிளக்கிறார்கள்.

எல்ல பக்கமாகப் போனால் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் முடிந்தது. அதற்கும் கதை உண்டு. முதலாம் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் வேலை நின்றதாம், பி. கே. அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் முன்வந்து கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டி முடித்தாராம்.

இரண்டும் கட்டுக்கதையாகவே இருக்கட்டும். கட்டுக்கதைக்குள்ளும் ஒரு கணக்கு ஓடுகிறது பாருங்கள். பாலத்துக் கதைநாயகனுக்கு முதலெழுத்தோடு பேர் இருக்கிறது. பொறியியலாளருக்கும் முதலெழுத்தோடு பேர் இருக்கிறது. கங்காணிக்குத் தலைப்பாகை மட்டும்தான். கங்காணிக்கே இந்தக் கதியென்றால், அவர் விரட்டி வேலை வாங்கிய ஆட்களுக்குக் கதையின் வாசலில்கூட இடமில்லை. கல்லெல்லாம் தானாக நடந்துபோய் அடுக்கிக்கொண்டது போலிருக்கிறது. மாயப்புனைவு என்றால் இதல்லவா மாயப்புனைவு!

இந்தத் தலைப்பாகை எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது கொழும்பில், ஓர் இலக்கியக் கூட்டத்தில். நல்ல குளிரூட்டிய மண்டபம். இங்கிலீஷில் எழுதுகிறவர்களைப் பார்த்துச் சபையிலிருந்து கேட்டார்கள்: “இந்த நாவலுக்கு உங்களுக்கு உந்துதலாக இருந்தது எது?” என் முறை வந்தது. மலையகத்திலிருந்து வந்தவர் என்று அறிமுகம் செய்திருந்தார்கள். “நீங்கள் சின்ன வயதில் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா?” என்றார்கள். அவர்களுக்கு உந்துதல், எனக்குக் கஷ்டம். அவர்கள் கண்ட கனவை விசாரிக்கிறார்கள். என்னிடம் வைத்தியசாலைத் துண்டைக் கேட்கிறார்கள்.

இலங்கையின் விஞ்ஞானப் புனைகதைக்கும் மாயப்புனைவுக்கும் இப்போது நல்ல காலம். ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா’ 2022இல் புக்கர் வாங்கியது. வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயிண்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ 2023இல் வெளிவந்து நெபுலா வாங்கியது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நாவல்கள் நல்ல நாவல்கள், அதில் வஞ்சனை இல்லை. கருணாதிலகவின் நாயகன் செத்துக் கண்விழிக்கிறான். பார்த்தால் எதிரே வரிசை, கவுண்டர், படிவம். மறுமை என்பது ஒரு அரசாங்கக் கந்தோர். கொழும்பு வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் தோட்டத்து ஆயா ஒருத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “டோக்கன் எத்தன மணிக்குக் குடுப்பாங்களாம்?” என்றாள்.

சந்திரசேகர ஒரு நகரத்தைப் படைக்கிறார். அங்கே நெடுநாள் மூடிக்கிடக்கிற கதவு ஒரு கட்டத்தில் மாயக் கதவாகிவிடும். அப்புறம் எவராலும் திறக்க முடியாது. புத்தரின் மகன் ராகுலனின் கதை உள்ளே ஓடுகிறது. அதை விட்டுவிட்டாலும் அந்தக் கதவு ஒன்று போதும், ஆள் பெரிய எழுத்துக்காரர் என்று சொல்ல. எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். ஈபிஎஃப் காசுக்காகப் பழைய கடிதங்களை மடியில் கட்டிக்கொண்டு கந்தோர் வாசலில் நிற்கிற ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு இதில் மாயம் எங்கே இருக்கிறது என்று எப்படி விளங்கப்படுத்துவது?

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் வந்தார், கடலில் மூழ்கிப் பார்த்தார், ஊர் பிடித்துப்போயிற்று, 2008இல் சாகும்வரை இங்கேயே இருந்துவிட்டார். 1979இல் அவர் எழுதிய ‘தி ஃபவுன்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் போகிறது. அந்த யோசனையை 1960இலேயே எழுதியவர் லெனின்கிராட்டுப் பொறியியலாளர் யூரி அர்ட்சுதனோவ். கிளார்க் அதை ஒளிக்கவில்லை, பேரைச் சொன்னார். ஒருவனுடைய தலைப்பாகையைப் பார்த்து யோசனை வந்தால் அவன் பேரையும் எழுதலாம் என்பது அந்த வெள்ளைக்காரருக்காவது தெரிந்திருந்தது.

லிஃப்ட் நிற்கும் மலைக்கு உந்துதல் சிவனொளிபாதமலை. ஒரே இடைஞ்சல், அப்படியொரு லிஃப்ட் பூமத்திய ரேகையில்தான் நிற்கும். கிளார்க் தயங்கவில்லை. இலங்கையை அப்படியே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவைத்தார். மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். இப்படிச் செய்தேன் என்று புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். நேர்மையான மனுஷன்.

ஆனால் நாட்டை நகர்த்துவது ஒரு வித்தையா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டை ஓர் அங்குலமும் அசைக்கவில்லை. அதன் மேல் நின்றுகொண்டிருந்த ஏழு லட்சம் பேருடைய காலடியிலிருந்து அதை உருவி எடுத்தது. பாய் அங்கேயே கிடந்தது, கொழுந்துக் கூடை அங்கேயே தொங்கியது, ஆள் மட்டும் எந்த நாட்டிலும் இல்லை. எந்த உந்துதலில் இதை எழுதினீர்கள் என்று அந்த ஆசிரியர் குழுவை எந்தக் குளிரூட்டிய மண்டபத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1964இல் இரண்டாம் பாகம், இம்முறை கூட்டு முயற்சி, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். பாத்திரங்கள் 9,75,000. அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாகம் பிரித்தார்கள். எண் இரட்டைப்படையாக இருந்தது யாரோ செய்த புண்ணியம். இல்லாவிட்டால் கடைசி ஆளை இடுப்போடு வெட்டியிருப்பார்கள்.

1975இல் அரசாங்கம் கிளார்க்குக்கு ‘வதிவிட விருந்தினர்’ என்று ஓர் அந்தஸ்து கொடுத்தது. கொடுத்தது குற்றமில்லை, பெரிய எழுத்தாளர், கொடுக்கத்தான் வேண்டும். அதே எழுபதுகளில்தான் பதுளையில் இன்னோர் ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. தகரப் பெட்டியும் சட்டி பானையும் கையில் கடுதாசியுமாக ஆட்கள் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். அப்பன் இந்தியாக் கணக்கில், கல்யாணம் கட்டிய மகள் இலங்கைக் கணக்கில். அந்தக் கோச்சிக்குத் தோட்டத்தில் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. பதுளையில் ஏறியவர்கள் தெமோதரையை இரண்டு தரம் கடந்தார்கள், முதலில் அடியில் இருட்டுக்குள், பிறகு சுற்றிவந்து மேலே வெளிச்சத்தில். பிளாட்ஃபோர்மில் நின்றவர்களுக்கு அழுகைச் சத்தம் முதலில் காலுக்குக் கீழே கேட்டிருக்கும். விருந்தாளி குடியிருந்தார், குடியிருந்தவர்கள் விருந்தாளியாகிப் புறப்பட்டார்கள். மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் வந்தது. 55 வருஷம். கிளார்க்கின் விண்கலங்கள் இதைவிட வேகமாகப் போகும்.

காலப் பயணக் கதை வேண்டுமா? அதுவும் உண்டு. 2024 மே 1ஆம் திகதி கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி ஏறி, தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்றார். கைதட்டல், மாலை, பட்டாசு. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வந்து இறங்கியது. தெமோதரைக் கோச்சியேதான்: மேலே ஸ்டேஷனில் எல்லோரும் கைகாட்டி அனுப்பிவைக்கிற கோச்சி, ஒரு வட்டம் போட்டுவிட்டு அடியில் வந்து முளைக்கும். அதற்குப் பிறகும் புதிய எண்களோடு புதிய பாகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 7 பேர்ச் காணி, 10 பேர்ச் காணி என்று இன்னொரு தொடர்கதையும் ஓடுகிறது; தேர்தலுக்குத் தேர்தல் ‘தொடரும்’ போடுவார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த மாயக் கதை ‘அரைப்பேர்’. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, தராசில் வைத்த கைக்குத் தனிக் கழிவு. முழு மனுஷி காலையில் மலையேறுவாள், அட்டைக்கு ரத்தம் கொடுப்பாள், அந்தியில் இறங்கி வருவாள். பேர் பதிகிற செக்ரோலில் பாதி மனுஷிதான் வந்து சேர்ந்திருப்பாள். மிச்சப் பாதி எங்கே போனது என்று எந்த விஞ்ஞானமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குக் கற்பனை வராதா? தேயிலை ஸ்டோரில் ரோதை சுற்றத் தொடங்கியபோது அதற்குக் காவலாக ஒரு முனியை உண்டாக்கினார்கள்: ரோதமுனி. கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துச் சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச் சாமி. நீராவி இயந்திரத்துக்குள் தெய்வத்தைக் குடிவைத்து எழுதினால் இன்றைக்கு லண்டனில் முன்பணம் கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் ஒரு சேவலும் ஒரு சுருட்டும்தான் எடுத்துவைத்தார்கள், அதுவும் சாமிக்கு. மாசியில் காமன் கூத்து கட்டி, மன்மதனை எரித்து, ரதியை அழவைத்து, செத்தவனை எழுப்பிவிட்டு, விடிந்ததும் அதே அரிதாரம் கழுவாத முகத்தோடு பெரட்டுக்களத்தில் போய் நின்றவர்கள் அவர்கள்.

விஞ்ஞானமும் இல்லாமல் இல்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தை மலை சரியும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் சொன்னது. 2011இல் மறுபடி சொன்னது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அறிக்கையை எழுதியவர்கள் விஞ்ஞானமாக எழுதினார்கள். கோப்பில் வைத்துக் கட்டியவர்கள் புனைகதையாக வாசித்தார்கள். ஒன்பது வருஷம் கையில் இருந்தது. ஒரு லொறி அனுப்பி அந்தச் சனத்தை வேறு மேட்டுக்குக் கொண்டுபோய் இறக்க அது போதவில்லையாம். மலைக்குத்தான் பொறுமை போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு நையாண்டி வரமறுக்கிறது, மன்னியுங்கள்.

சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார். பதுளைப் பக்கத்திலிருந்து வந்த தெளிவத்தை ஜோசப் எழுதினார். அவர்கள் எழுதியது சாட்சியம். சாட்சி சொல்ல ஆளில்லாத காலத்தில் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். பின்னால் வந்த நாங்கள் அந்தக் கூண்டிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டோம். மலையகக் கதையென்றால் லயம் ஒழுகவேண்டும், அட்டை கடிக்கவேண்டும், கடைசிப் பக்கத்தில் ஒருவர் சாகவேண்டும். ஒருவரும் சாகவில்லையா, கதையில் மண்வாசனை இல்லை.

சில வருஷத்துக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதைப் போட்டி. எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். கொழுந்தெடுக்கிறவளின் மகள் ஒருத்தி எழுதியிருந்தாள். ராத்திரி ரோதமுனி ஸ்டோரிலிருந்து இறங்கி வந்து கொழுந்து நிறுக்கிற தராசுக்குள் புகுந்துகொள்கிறது. காலையில் எந்தக் கை அழுத்தினாலும் தராசு அசையவில்லை. போட்ட கொழுந்தின் நிறையை உள்ளது உள்ளபடி, மலை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறது. துரை வருகிறார், தராசை உடைக்கச் சொல்கிறார், உடைந்த துண்டெல்லாம் தனித்தனியாகச் சத்தம் போடுகிறது. அங்கே கதையை நிறுத்தியிருந்தாள்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர், நடை நன்றாக இருக்கிறது, ஆனால் மலையக வாழ்க்கை இல்லையே என்றார். அடுத்தவர், தராசு சரியாக நிறுக்குமாம், பேசுமாம், நம்பும்படியாகவா இருக்கிறது என்றார். மூன்றாவது நடுவர் பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் தலையாட்டினார். அது நான்தான்.

பிள்ளையைக் கூப்பிட்டு, உன் வீட்டில் நடப்பதை எழுது என்று சொல்லி இன்னொரு தாள் கொடுத்தோம். எழுதினாள். அம்மாவை அட்டை கடித்தது, அப்பா குடித்தார், கூரை ஒழுகியது, கடைசியில் தம்பி காய்ச்சலில் செத்தான். முதல் பரிசு. ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அவளுக்குத் தம்பியே கிடையாது.

பரிசு வாங்கி இறங்கியவள் சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடையது நீளமான பேர். அச்சடித்த கோட்டில் இடம் போதாமல் முதலெழுத்தையும் பின்பாதியையும் விட்டுவிட்டார்கள்.

“சேர்,” என்றாள், “இதுலயும் அரப்பேருதான் போட்டிருக்காங்க.”