நால்வர் கூடி அமைத்த பொன்னுலகம்

அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில், லோயிஸ் லௌரி எழுதி 1993இல் வெளிவந்த 'தி கிவர்' என்னும் நாவலைப் படித்து முடித்த மாணவர்களுக்கு ஒரு குழுப் பணி தரப்படுவதுண்டு. வலியும் நிறமும் நினைவும் நீக்கப்பட்ட, பன்னிரண்டு வயதிலேயே ஒவ்வொருவருக்கும் தொழில் ஒதுக்கப்படுகிற ஒரு சமூகத்தை அந்நாவல் காட்டுகிறது. அதைப் படித்தவர்கள் நால்வர் நால்வராகச் சேர்ந்து, குறையே இல்லாத ஒரு நாட்டைத் தாமே கற்பனை செய்து, அதற்குப் பெயர், கொடி, வரைபடம், அரசமைப்பு, பொருளாதாரம் ஆகியவற்றை வகுத்து, மூன்றாக மடியும் அட்டைப் பலகையில் ஒட்டி, குறித்த நாளில் வகுப்பின் முன் விளக்க வேண்டும் என்பதே பணியின் சாரம். பிளேட்டோ காலம் தொட்டுத் தீராத ஒரு சிக்கலைத் தீர்க்க இங்கே ஓரிரு வாரங்கள் தரப்படுகின்றன. அவற்றில் பாதி கொடிக்குச் செலவாகிறது.

கொடிக்கு இந்த முதலிடம் கிடைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அரசமைப்பு என்பது யார் ஆள்வது, யார் கட்டுப்படுவது, கட்டுப்படாதவரை என்ன செய்வது என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் அடிப்படைச் சட்டம் ஆகையால், அதை எழுதுவதற்குச் சிந்தனை தேவைப்படுகிறது. கொடிக்கோ வண்ணப் பென்சில் போதும். எனவே கொடியின் நடுவில் வருவது சிங்கமா டிராகனா என்ற விவாதம் மும்முரமாக நடந்து, இருவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாகப் பிரிய, போரையே அறியாத நாட்டின் முதல் உள்நாட்டுப் போர் அந்நாடு பிறப்பதற்கு முன்பே மூண்டுவிடுகிறது. இறுதியில் சிங்கத்தின் தலையும் டிராகனின் உடலும் கொண்ட ஓர் உயிரியின் மூலம் சமாதானம் எட்டப்படுகிறது. அது பார்ப்பதற்குப் பூனைபோல் இருப்பதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

சட்டங்கள் இதைவிட விரைவாக இயற்றப்படுகின்றன. வீட்டுப்பாடம் ஒழிக்கப்படுகிறது, பள்ளி பத்து மணிக்குத் தொடங்குகிறது, வரி கிடையாது, பீட்சா இலவசம். வரியே இல்லாத நாட்டில் பீட்சாவுக்கு மாவு பிசைவது யார் என்று ஆசிரியர் கேட்டால் ரோபோ என்ற விடையும், ரோபோவைப் பழுது பார்ப்பது யார் என்று கேட்டால் மற்றொரு ரோபோ என்ற விடையும் தயாராக இருக்கின்றன. குற்றமே நிகழாது என்பதால் சிறை கட்டப்படுவதில்லை. எனினும் முன்னெச்சரிக்கையாக, குற்றம் செய்பவர் நாடு கடத்தப்படுவார் என்ற விதி கடைசி வரியில் சேர்க்கப்படுகிறது.

இதைக் கண்டு நகைப்பவர்கள், இத்துறையின் மூத்தோர் விட்டுச்சென்ற விடைகளையும் பார்ப்பது முறை. தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட 'யுடோப்பியா' நூலில் மக்கள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைக்கின்றனர். பொன்னின் மீது ஆசை பிறக்காதிருக்கக் கழிவுக் கலங்களைப் பொன்னால் செய்கின்றனர். ஆனால் ஆடு மாடுகளை அறுக்கும் வேலை அடிமைகளிடம் விடப்படுகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சார்ல் ஃபூரியே, அழுக்கில் புரள்வது சிறுவர்களுக்கு இயல்பாகவே இன்பம் தருகிறது என்று கண்டு, எரு அள்ளுவது முதலிய அருவருப்பான பணிகளை அவர்களைக் கொண்ட 'சிறு படை'களிடம் ஒப்படைத்தார். அடிமை, சிறுவன், ரோபோ என்று ஆள் மாறினாலும் விடையின் இலக்கணம் மாறவில்லை: திட்டத்தை எழுதுபவர் ஒருவர், அதில் அழுக்கான வேலையைச் செய்பவர் வேறொருவர். எட்டாம் வகுப்பு மாணவர்கள், நூல் எதையும் புரட்டாமலேயே, ஐந்து நூற்றாண்டு மரபைத் துல்லியமாகப் பின்பற்றுகின்றனர்.

ஏட்டை விட்டு நிலத்தில் இறங்கியவர்களின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1841இல் தொடங்கப்பட்ட புரூக் பண்ணை, உழைப்பையும் அறிவையும் ஒரே மனிதரிடம் இணைக்க முயன்ற கூட்டு வாழ்வு அமைப்பு. அதில் சேர்ந்த எழுத்தாளர் நத்தானியேல் ஹாதோர்ன், எருவை வாரிக் கொட்டுவதும் கதை எழுதுவதும் ஒரே உடலில் பொருந்தவில்லை என்று உணர்ந்து, ஓராண்டுக்குள் வெளியேறினார். அதே மாநிலத்தில் 1843இல் பிரான்சன் ஆல்காட்டும் சார்ல்ஸ் லேனும் நிறுவிய ஃபுரூட்லண்ட்ஸ், விலங்குகளின் உழைப்பைச் சுரண்டலாகாது என்ற உயர்ந்த கொள்கையோடு தொடங்கி, ஏழு மாதத்தில் கலைந்தது. ஆல்காட்டின் மகள் லூயிசா பின்னாளில் அதைப் பற்றி எழுதிய அங்கதச் சித்திரத்தில், தானியக் கதிர்கள் களத்தில் கிடக்கப் புயல் திரண்டு வரும் வேளையில், தத்துவவாதிகள் கொள்கை பரப்பப் புறப்பட்டுச் சென்றிருக்க, தாயும் பிள்ளைகளுமே அவற்றை வாரிச் சேர்க்கின்றனர். மாடுகளுக்கு அளிக்கப்பட்ட விடுதலை மனைவிக்கு நீட்டிக்கப்படவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது தமிழர் வழக்கு. வடத்தைப் பிடித்திருப்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே இழுக்கிறார்களா என்று அளந்து பார்த்தவர் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான். 1913இல் அவர் வெளியிட்ட அளவீடுகளின்படி, தனியே இழுக்கும்போது ஒருவர் காட்டும் வலிமை, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. இழுவைகள் ஒரே கணத்தில் ஒருங்கிணையாதது இதற்கு ஒரு காரணம். தம் பங்கு தனியே தெரியாத இடத்தில் மனிதர் முயற்சியைக் குறைத்துக்கொள்வது மற்றொரு காரணம். இந்த இரண்டாவதற்கு உளவியலார் பின்னர் 'சமூகச் சோம்பல்' என்று பெயரிட்டனர்.

வகுப்பறைக் குழுவில் இக்கோட்பாடு நான்கு உருவம் எடுக்கிறது. ஒருவர் தலைவர், அவர் பணிகளைப் பிரித்துக் கொடுப்பதையே தம் பணியாக எடுத்துக்கொள்கிறார். ஒருவர் சிந்தனையாளர், எல்லாம் முடிந்தபின் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்பார். ஒருவருக்கு அந்த வாரம் முழுவதும் காய்ச்சல். எஞ்சிய நான்காமவர், சுரண்டல் அறவே ஒழிந்த அந்த நாட்டின் வரைபடத்தை நள்ளிரவில் தனியே அமர்ந்து வெட்டி ஒட்டுகிறார். பசை வாங்கிவந்த அவருடைய தாய், குடியுரிமை பெறாத ஐந்தாவது உழைப்பாளி.

இதைத் தடுக்க ஆசிரியர் அரசு இரண்டு கருவிகளை வைத்திருக்கிறது. முதலாவது, கூகுள் ஆவணத்தின் திருத்த வரலாறு. எந்தச் சொல்லை யார் எந்த நேரத்தில் தட்டினார் என்பதை அது காட்டிவிடுவதால், தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த சட்டப் பிரிவை இரவு 11.40க்கு எழுதியவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இரகசியமாக மதிப்பிட்டு எழுதும் படிவம். நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்ட நாட்டின் குடிமக்கள் அனைவரும் கடைசி நாளில் ஒற்றர்களாக மாறி, சக குடிமக்களைப் பற்றி அறிக்கை அளிக்கின்றனர். அந்த அறிக்கைகளில்தான் குழுவின் மிகச் சிறந்த உரைநடை காணக்கிடைக்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் 'அறியாமைத் திரை' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் விதிகளை வகுப்பவர், அதில் தாம் செல்வராகப் பிறப்போமா வறியவராகப் பிறப்போமா என்பதை அறியாத நிலையில் வகுத்தால்தான் அவ்விதிகள் நேர்மையாக இருக்கும் என்பது அதன் பொருள். வகுப்பறை இதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்கிறது. வேலை பிரிக்கப்படும் முன்பு, நால்வருக்கும் சம மதிப்பெண் என்பதை நால்வரும் ஆதரிக்கின்றனர்; பசை யார் கையில் ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்த பின்பு மூவர் மட்டுமே ஆதரிக்கின்றனர். மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சமத்துவம் வென்றுவிடுகிறது.

ஆகவே இப்பணியைக் கைவிட வேண்டியதில்லை; ஆசிரியர் தரும் மதிப்பெண் அட்டவணையில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். அந்த நாட்டில் கழிவறையைக் கழுவுவது யார் என்று கேட்டு, ரோபோ என்ற விடை ஏற்கப்படாது என்று அடிக்குறிப்பும் இட்டு, குழு உறுப்பினர்களின் பெயர்களை மட்டுமே நிரப்பக்கூடிய ஒரு கட்டத்தை எதிரே விட வேண்டும். அக்கட்டத்தில் தம் பெயரை நால்வரும் தாமாக எழுதும் குழு கிடைத்துவிட்டால் அதற்கு அரசமைப்பே தேவைப்படாது. கிடைக்கும்வரை, சிங்கமா டிராகனா என்பதையாவது பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.