காஞ்சிருச்சா மச்சான்?

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்திருந்தார். கையைக் கழுவிவிட்டு நேரே என் மேசைக்குப் போய்விட்டார். நான் சோற்றுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்புவதற்குள், "காஞ்சிருச்சா மச்சான்?" என்று கேட்டபடியே பெருவிரலை வைத்து அழுத்திவிட்டார். நான் செய்துகொண்டிருந்த ஹரிக்கேன் போர் விமான மாதிரியின் இடது இறக்கையில். 72இல் ஒரு பங்கு அளவு. கணக்குப் பண்ணிப் பாருங்கள், இரண்டு சென்டிமீட்டர் விரல் நிஜ விமானத்தில் நாலே முக்கால் அடி.

நான் சொல்ல வந்தது விரலைப் பற்றி அல்ல, நிறத்தைப் பற்றி. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட வந்த அன்று குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பிய 258ஆவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களுக்கு என்ன நிறம்? பச்சையும் பழுப்புமா, பாலைவனத்து மணல் நிறமா? கிடைக்கிற படமெல்லாம் கறுப்பு வெள்ளை. இதில் எனக்கு ஒரு தீர்க்கமான முடிவு உண்டு. சொல்கிறேன். முதலில் பெயின்ட் காயட்டும்.

டின்னில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறான். அவன் எஹலியகொடைக்கு வந்ததில்லை. இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே துவைத்த சட்டையே மூன்றாம் நாள்தான் முடிவுக்கு வரும், அதுவும் நாற்றத்தோடு. பூசி ஒரு மணி நேரத்தில் இறக்கை முழுக்க வெள்ளை படர்ந்தது, பனி விழுந்த மாதிரி. துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினேன். பிஸ்கட் டின்னில் அரிசி போட்டு அதன் மேல் வைத்தேன். அரிசி ஒட்டிக்கொண்டது. விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். வால் கருவாடு மாதிரி வளைந்தது, வேறு பெட்டியைப் பிரித்து வாலை எடுக்க வேண்டியதாயிற்று. (அலுமாரிக்கு மேல் பெட்டி எத்தனை என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இருக்கிறது.) மகளின் ஹேர் டிரையரைப் பிடித்தேன், கரண்ட் போய்விட்டது. கடைசியில் டீ பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடம் ஞாபகம் வந்தது. அங்கே ராத்திரி முழுக்கக் காற்றாடி ஓடும், பதினெட்டு மணி நேரத்துக்குள் கொழுந்தே வாடிவிடும். ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று டீமேக்கர் ஐயாவைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் அன்று ஏதோ கொஞ்சம் காய்ந்தது.

பெயின்ட் பூசுவதற்கு முன் மூன்று வாரம் விமானியின் இருக்கைப் பட்டியை வெட்டி ஒட்டினேன், தேயிலைப் பக்கற்றின் உள்தாளில். மேலே கண்ணாடி மூடியை ஒட்டியதும் அது யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், போதும். மச்சானுக்கு அதெல்லாம் விளங்காது. விரலைத் துடைத்துக்கொண்டே, "பறக்குமா?" என்றார். பறக்காது என்றேன். "அப்ப எதுக்கு?" பதில் சொல்லவில்லை. அடுத்து, உடம்புப் பக்கத்திலிருந்த வட்டத்தின் நடுச் சிவப்பைக் காட்டி, "ஜப்பான் ப்ளேனா?" என்றார்.

ஹரிக்கேனைப் பார்த்து! சோறு இறங்கவில்லை. அரை மணி நேரம் விளக்கினேன், அவர் பருப்பை முடித்தார். ஆனால் உங்களிடம் மறைக்க முடியாது. இதே சந்தேகம் பிரிட்டிஷ் விமானப்படைக்கும் வந்துதான், ஜப்பானிய சூரியன் என்று நினைத்துத் தன் ஆளே சுட்டுவிடுவான் என்று, 1943 அளவில் இந்தப் பக்கத்து விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டது. இதை மச்சானிடம் யாரும் சொல்லாதீர்கள்.

பெயின்ட் பூசி இன்றைக்குப் பதினேழாம் நாள். வெளியே மழை. விரல் அடையாளம் அப்படியே இருக்கிறது, சுற்றியுள்ள பெயின்ட் இன்னும் ஒட்டுகிறது.