இடது காலியல்: கியர் மாற்றத்தின் உண்மையான ஆசிரியர் யார்?

கார் பழகுகிறவர் கியர் மாற்றும்போது வண்டி ஏன் குலுங்குகிறது என்ற கேள்விக்கு அறிஞர் உலகம் இதுவரை சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: கை பழகவில்லை. ‘நோகாம போடுங்க சார், ராடை ஒடிச்சிடாதீங்க’ என்ற மூலபாடமும் (டிரைவிங் மாஸ்டர் வாய்மொழி, முதல் நாள், டீக்கடைத் திருப்பம்), ‘கியரை இப்படியா பிடிப்பே?’ என்ற வழிநூலும் (பின்சீட்டு மாமா உரை, காலம் தெரியவில்லை) கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. அந்தக் கொள்கையை மறுக்கவே இக்கட்டுரை எழுந்தது. கியர் மாற்றம் கையின் வேலைபோலத் தெரிவது வெறும் தோற்றம். கியர் வழுக்கிக்கொண்டு விழுவதற்கும் வண்டி வெடுக்கென்று இழுப்பதற்கும் பொறுப்பு இடது காலுடையது. இந்த முடிவு ஆய்வு தொடங்கும் முன்பே எட்டப்பட்டுவிட்டது என்பதையும், துறையின் மரபு கருதி, இங்கேயே பதிவு செய்கிறோம்.

கைக்கு ஒரு பொற்காலம் இருந்ததை நாம் மறுக்கவில்லை. 1890களில் பிரான்சின் பனார் லெவாஸோர் வண்டிகளில் பல்சக்கரத்தையே நகர்த்தி இன்னொரு பல்சக்கரத்தோடு கோத்தார்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகையில் பல்லும் பல்லும் மோதி அலறும். அந்த நாளில் கைப்பக்குவம் இல்லாதவன் கியர்பாக்ஸை அரைத்தே முடித்திருப்பான். ஆனால் 1928இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சிங்க்ரோமெஷ் வந்தது. பற்கள் கோத்துக்கொள்ளும் முன்பே ஒரு பித்தளைக் கூம்பு உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். கை செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை அன்றைக்கே ஒரு வளையம் வாங்கிக்கொண்டது. நம் ஊருக்கு இந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாக வந்தது. பழைய அம்பாசிடரில் கியர் ராடு ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருக்கும், முதல் கியருக்கு சிங்க்ரோமெஷும் கிடையாது. அந்த வண்டியில் கை பெற்ற புகழைத்தான் கைவாதிகள் இன்றும் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய சிறு காரில் கிளட்சை முழுதாக அமுக்கியிருந்தால் இரண்டு விரல் போதும், ராடு தானே வழி கண்டுபிடித்துப் போய் விழும். விழுகிறபோது வண்டி குலுங்குவதே இல்லை. குலுக்கல் அதற்குப் பிறகு, கால் மேலே வரும்போது வருகிறது. கையின் வேலை முடிந்த பிறகு நடக்கும் குற்றத்துக்குக் கையைப் பிடித்து உள்ளே வைப்பது எந்த ஊர் நியாயம்?

குலுக்கலை அளக்க வேண்டும். முடுக்கம் மாறுகிற வீதம் என்று இயற்பியலார் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குக் கருவி வேண்டும். நம் கையில் இருக்கும் கருவி பின்சீட்டில் நடுவே உட்கார்ந்திருப்பவரின் தலை. சிறு கார்களில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் தலை சாய்க்கும் மெத்தை இருக்காது என்பதால் அளவு பிசகாமல் கிடைக்கும். முதல் கியர் விகிதம் 3.6, இரண்டாவது 2.2 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் இன்ஜின் 3000 சுற்று ஓடும்போது இரண்டாவதுக்கு மாறினால், அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறக்குறைய 1800 சுற்றுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்குவதற்குள் காலை எடுத்தால் மிச்சமிருக்கும் வேகம் வண்டியை முன்னே தள்ளும், தலை பின்னால் போகும். ஆக்சிலேட்டரையும் விட்டுவிட்டு யோசித்து நின்றால் இன்ஜின் அடிமட்டச் சுற்றுக்கு வந்துவிடும். அப்போது கிளட்சை விட்டால் வண்டி அதை இழுத்துச் சுற்ற வேண்டியிருப்பதால் வேகம் சட்டென்று குறையும், தலை முன்னால் வரும். ஆக, தலை பின்னால் போனால் கால் அவசரப்பட்டது, முன்னால் வந்தால் கால் தாமதித்தது. இதற்கு இடையே தலை அசையாத ஒரு சிறு பொழுது இருக்கிறது. இடது காலியல் என்ற துறை முழுவதும் அந்தப் பொழுதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கருத்தரங்குகளில் முன்வரிசையில் உட்கார்ந்து பழகியவர்களை இந்தச் சோதனைக்கு ஏற்றக்கூடாது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் அவர்கள் தலை ஆடும்.

காலணி பற்றி: ஹவாய் செருப்பு வழுக்கும். குதிகாலைத் தரையில் ஊன்றுவோர், ஊன்றாதோர் என்ற பூசலைப் பிறிதோர் இடத்தில் காண்போம், காணாமலும் விடலாம்.

இனி ஆய்வின் இதயத்துக்கு வருவோம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாணவர் முதல் வாரமே கியரை நன்றாக மாற்றுகிறார் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அந்த நேர்த்தி யாருடையது? இங்கேதான் பதிப்புச் சிக்கல் எழுகிறது. பயிற்சி வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதன்படி மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஆக்சிலேட்டர் பெரும்பாலும் மாணவர் வசமே. ஆகவே ஒரு கியர் மாற்றம் என்ற பிரதியில் இரண்டு இடது கால்கள் எழுதியிருக்க வாய்ப்புண்டு. கூர்ந்து கவனிக்கும் மாணவர் தம் பாதத்துக்கு அடியில் பெடல் தானாகவே ஒரு விரற்கடை தாழ்ந்து, பிறகு நிதானமாக ஏறுவதை உணர்வார். கவனிக்காதவர் ‘எனக்கு வந்துருச்சு’ என்று வீட்டில் சொல்வார். இப்படி ஆசிரியர் கால் மாணவர் பாடத்துக்குள் புகும் இடங்களை ‘இடைச்செருகல்’ என்று அழைக்கிறோம். நெறியாளரே பாதி எழுதிக்கொடுத்து, மாணவர் அட்டை போட்டு, பிறகு இருவரும் ஒருவரையொருவர் நன்றியுரையில் பாராட்டிக்கொள்ளும் வழக்கம் வேறு எந்தத் துறையிலாவது உண்டா என்று நமக்குத் தெரியாது. இருந்தால் அவர்கள் இந்த முறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இடைச்செருகலை எப்படிக் கண்டுபிடிப்பது? அகச்சான்று, புறச்சான்று என இரண்டு. புறச்சான்று பெடலின் ரப்பர். ஓட்டுநர் பக்கத்து ரப்பரில் கோடுகள் இன்னும் தெரிய, மாஸ்டர் பக்கத்து ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் (காண்க: இடப்பக்க மிதி, மூல ஓலை, வலப்பக்க மிதி, படிபோல் புதியது, இரண்டையும் ஒப்பிடும்போது நடுவில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை விலக்கிவிட்டுப் பார்க்க) அந்த வண்டியில் கற்றவர்களின் படைப்புகளை ஐயத்தோடுதான் அணுக வேண்டும். அகச்சான்று இன்னும் நுட்பமானது. மாஸ்டருக்குப் போன் வரும் தருணங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பேச்சில் ஆழ்ந்ததும் கால் பெடலை விட்டு விலகுகிறது, உடனே நடை மாறுகிறது. அதுவரை தெளிந்த நீரோட்டமாக வந்த நடை கரடுமுரடாகிறது, வண்டி இரண்டு குதி குதித்து ஆஃப் ஆகிறது. இந்தப் பகுதிகளே மாணவரின் கைப்பட்ட, மன்னிக்கவும், மாணவரின் காலே பட்ட தூய பாடம். மற்றவை எல்லாம் பிற்காலச் சேர்க்கை. போன் வராத நாளில் என்ன செய்வது என்பார்க்கு: மாஸ்டர் ஜன்னல் வழியே தெரிந்தவரைப் பார்த்துக் கைகாட்டும் இடங்களை எடுத்துக்கொள்க (பயிற்சி வண்டி மரபு, இரண்டாம் தெரு ஏடு, கூடவே எலுமிச்சம்பழம் தொங்கும் கண்ணாடியில் தெரிந்த பிம்பப் படி, இதில் இடவலம் மாறியிருப்பதால் பதிப்பாசிரியர் சிலர் பிரேக்கைக் கிளட்ச் எனக் கொண்டு ஆறு பக்கம் உரை எழுதியுள்ளனர்). சில மாஸ்டர்கள் மாணவர் கை மேல் தம் கையை வைத்து ராடையும் நகர்த்துவர். அது எல்லோருக்கும் தெரியும்படி நடக்கும் கூட்டு ஆசிரியம், அதில் மறைவு ஏதுமில்லை. மறைவாக நடப்பது கீழே, காலில்.

இதிலிருந்து நம் வாதத்துக்குக் கிடைக்கும் சான்று வலுவானது. போன் வருமுன்பும் வந்தபின்பும் கை மாணவருடையதே. மாறியது கால் மட்டும். கால் மாறியதும் குலுக்கல் வந்தது. எனவே குலுக்கலின் பிறப்பிடம் கால். இதைவிடச் சுத்தமான சோதனையைப் பணம் கட்டினால் மறுநாளே கட்டுரை வெளியிடும் ஆய்விதழ்களில்கூடப் பார்க்க முடியாது. அதே மாணவர் உரிமம் வாங்கி, வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது இது மறுபடியும் நிரூபணமாகும். அங்கே இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் காலடியில் பெடல் கிடையாது. ஆனாலும் அவர் தரையை மிதித்துக்கொண்டே இருப்பார். பின்னாலிருந்து ஹாரன் கேட்கும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் அந்த இடத்தை, மாஸ்டர்கள் ‘பைட்டிங் பாயிண்ட்’ என்று சொல்லும் இடத்தை, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்குவதும் இன்ஜின் சத்தம் ஒரு படி கனப்பதும் காட்டிக்கொடுக்கும். அங்கே காலை ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் வராது. பிளேட் தேயத் தேய இந்த இடம் மேலே ஏறிக்கொண்டு போவதால் வண்டிக்கு வண்டி பாடபேதம் உண்டு. இன்னொருவர் காரை எடுப்பவர் முதலில் இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். முன்சொன்ன விதிகளில் 15ஆம் விதி ஓட்டுநர் தேர்வில் சோதிக்க வேண்டியவற்றை அடுக்குகிறது. வண்டியைக் கிளப்பி எல்லாக் கியரையும் தொட்டு மேல் கியருக்குப் போகும்போது பாதுகாப்பாகவும் சீராகவும் நகர வேண்டும் என்கிறது. போக்குவரத்து நிலை கேட்கும்போதும் இறக்கத்திலும் கீழ்க் கியருக்கு மாறுவதைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அது கேட்பது விரைவை. ஏறும்போது சீர், இறங்கும்போது விரைவு. கீழ்க் கியருக்கு மாறுகையில் குலுங்கினால் சட்டம் கண்டுகொள்ளாது என்று ஒரு சாரார் இதற்குப் பொருள் உரைப்பர். அவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்ததில்லை. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது இன்ஜின் சுற்று கூட வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளட்சை விட்டால் விரைவும் கிடைக்கும், சீரும் கிடைக்கும். தட்டாமல் விட்டால் எல்லாத் தலையும் ஒருசேர முன்னால் வரும்.

இனி மறுப்பாளர். லாரி ஓட்டுநர்களைக் காட்டி ஒரு சாரார் நம்மை மடக்கப் பார்ப்பர். சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளில் நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, மறுபடி அமுக்கி, ‘டபுள் கிளட்ச்’ போட்டு ஓட்டினார்கள். அதிலும் தேர்ந்தவர்கள் கிளட்சையே தொடாமல் கியரை உருவி அடுத்ததில் போடுவார்கள். காலே இல்லாமல் நடக்கிற காரியத்துக்குக் கால் எப்படி ஆசிரியராகும் என்பது வாதம். நல்ல வாதந்தான். ஆனால் அந்த ஓட்டுநர் அங்கே கையை நம்பவில்லை, காதை நம்புகிறார். இன்ஜின் சுற்றும் சக்கரத்தின் சுற்றும் ஒத்துவரும் ஓசைக்குக் காத்திருந்து ராடைத் தள்ளுகிறார். எது ஒத்துவர வேண்டுமோ அதைத்தான் காரில் கிளட்சைக் கொண்டு நாம் சமாளிக்கிறோம். கை இரண்டு இடத்திலும் கூலியாள்தான். இன்னொரு சாரார் ‘போகப் போகத் தானா வந்துரும்’ என்பர். இந்தக் கொள்கைக்குப் பின்சீட்டில் பெரும் ஆதரவு உண்டு. தானாக வருகிறது என்பது மெய்தான். எது வருகிறது என்பதை மட்டும் அவர்கள் சொன்னதில்லை. வருவது காதுக்கும் இடது காலுக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். சத்தம் இறங்குவதைக் காது கேட்க, அந்த அளவுக்குக் கால் எழும்புகிறது. அது கைக்குத் தெரியாமலே நடக்கிறது.

கடைசி மறுப்பு காலத்தின் பெயரால் வருவது: ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது, இந்த ஆராய்ச்சி எதற்கு? 2014 ஜனவரியில் மாருதி 800இன் உற்பத்தி நின்றது. நாட்டில் எத்தனையோ பேரின் இடது காலுக்கு எழுத்தறிவித்த வண்டி அது. அடுத்த மாதமே அதே நிறுவனம் செலேரியோவில் ஏ.எம்.டி. கியரைக் கொண்டுவந்தது. கிளட்ச் பெடல் போயிற்று. மறுப்பாளர் இங்கே வெற்றி முழங்குகிறார். ஆனால் ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பது அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். பெடலை அமுக்கி விடும் வேலையை எண்ணெய் அழுத்தமும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. கையின் வேலையும் ஒழிந்தது; ஆயினும் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது அந்த வண்டிகளிலும் தலை ஒரு முறை ஆடுகிறது. கை இல்லாத இடத்திலும் குலுக்கல் இருக்கிறது என்றால் கை நிரபராதி. கணினிக்கும் இடது கால் இன்னும் சரியாகப் படியவில்லை, அவ்வளவே. மாறும் நேரத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த ஆட்டமும் குறையும்.

படிப்பவர்க்கு ஒரு வேண்டுகோள். கியர் விழுந்து கிளட்ச் முழுதும் மேலே வந்ததும் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் தரையில் வையுங்கள். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டினால் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பிளேட்டை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். மெக்கானிக் கொடுக்கும் பில்லில் கையின் மேல் சாட்டுவதற்கு ஒரு வரிகூட இருக்காது.