பேழையில் யானைக்கு இடமில்லை

நோவாவின் பேழையில் யானையை ஏற்றக்கூடாது என்று பெரும்பாறையில் தீர்ப்பாகிவிட்டது. டீத்தூள் வந்த அட்டைப்பெட்டியைப் பிளந்து, மைதாப் பசையால் ஒட்டி, பாக்குமட்டைத் தட்டைக் கவிழ்த்துக் கூரை போட்ட பேழை அது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் மறைக்கல்வி வகுப்பு. மிருகங்களைச் சோடி சோடியாக வெட்டி வரிசையில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் யானை இரண்டையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வேணாம் டீச்சர். நாப்பது நாள் உள்ள இருந்தா ஒரு வாழ மிஞ்சாது."

அவன் வீட்டு மலைவாழைத் தோட்டத்துக்கு யானை வந்துபோன கதை ஊருக்கே தெரியும். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு சின்னப்பெண் மட்டும், "குட்டிய மட்டும் ஏத்திக்கலாமா?" என்று சிபாரிசுக்கு வந்தாள். "குட்டி ஏறுனா அம்மா சும்மா விடுமா?" என்று பதில் வந்தது. வழக்கு முடிந்தது. தொடக்க நூலில் எப்படியோ, பழனி மலையின் கீழ்ப்பக்கத்தில் யானையினம் நீந்தித்தான் பிழைத்திருக்கிறது.

கையில் வேலை கொடுத்தால் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். சத்தம் குறையவில்லை. கேள்விதான் கூடிவிட்டது. எங்கள் காலத்தில் ஞானோபதேசம் என்றால் மனப்பாடம். கேள்வியும் அவர்களே அச்சடித்திருப்பார்கள், பதிலும் அவர்களே அச்சடித்திருப்பார்கள். வாய் மட்டும் நம்முடையது. இப்போது கத்திரிக்கோலைக் கையில் கொடுத்ததும் கேள்வி கேட்கும் உரிமை அந்தப் பக்கம் போய்விட்டது. பதிலுக்கு நான் உபதேசியாரைப் பார்க்கிறேன், உபதேசியார் மணியடிக்கப் போய்விடுகிறார்.

கைவேலைப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். யாரோ வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதியது. அதன்படி ஆட்டுக்குட்டி செய்ய, உருளும் பிளாஸ்டிக் கண் ஒரு சோடி வேண்டும். கடைவீதியில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டவுன்ல ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க" என்றார். கடைசியில் கண்ணுக்கு மிளகு வைத்தோம், உடம்புக்கு இலவம்பஞ்சு ஒட்டினோம். மிளகுக் கண் வைத்த ஆட்டின் முகத்தில் சாந்தம் வரவே வராது. தொலைந்துபோன ஆடு என்று யாரும் நம்பமாட்டார்கள். மேய்ப்பனை ஒரு கை பார்க்கத் தேடி வந்த ஆடு என்றுதான் சொல்வார்கள்.

மிளகு என்றதும் திராட்சைக்கொடி உவமை ஞாபகம் வருகிறது. யோவான் 15-ஆம் அதிகாரம். கனி தராத கிளையைத் தறித்து, உலர்ந்ததும் நெருப்பில் போடுவார்கள் என்று வரும். திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். இங்கே சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக்கொடிதான் ஏறியிருக்கிறது. சரி என்று நூலில் கொடி, சார்ட்டில் மரம், பச்சைக் காகிதத்தில் இலை என்று ஒட்டவைத்தேன். அடியில் தரையோடு ஓடும் கொடியைக் காட்டி, "இது காய்க்குமா?" என்றேன்.

"காய்க்காது டீச்சர். ஓடுகொடி."

"அப்ப என்ன செய்வாங்க?"

நெருப்பில் போடுவார்கள் என்று யாராவது சொன்னால் பாடம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து விளக்கினாள்: ஓடுகொடியை வெட்டுவார்களாம், ரெண்டு மூன்று கணு விட்டுத் துண்டு போடுவார்களாம், கவரில் மண் நிரப்பி நட்டு நிழலில் வைப்பார்களாம், வேர் பிடித்ததும் புது மரத்தில் ஏற்றுவார்களாம். "எங்கப்பா அதத்தான் செய்வாரு. அடுப்புல போட்டா எங்கம்மா திட்டும்."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துத் தப்பில்லை. பக்கத்துத் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்க அங்கிருந்துதான் ஆள் அனுப்பவேண்டும். வெட்டியதை எரிக்காமல் நட்டுப் பிழைக்கவைக்கும் ஆண்டவரைப் பற்றி அன்றைக்குச் சார்ட்டில் எழுதிவிட்டாள். ஃபாதர் வந்து படித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

டிசம்பரில் குடில். அது காப்பிப்பழம் எடுக்கும் காலமாதலால் பெரியவர்கள் யாரும் கோயில் பக்கம் தலைகாட்ட நேரமிருக்காது. முழுப் பொறுப்பும் பொடிசுகளிடம். மூடுபனியில் பசை காயாது. காய்வதற்குள் எறும்பு வந்து சூசையப்பரின் தாடியைத் தின்றுவிட்டுப் போகும். மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராதுதான், ஆனால் பசையை நக்கிப் பார்க்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த விஷத்தைத் தொடமுடியுமா? மேற்கூரையில் சிவப்புக் காப்பிப்பழத்தை வரிசையாக ஒட்டி சீரியல் லைட் என்றார்கள். யார் தோட்டத்துப் பழம் என்று உபதேசியார் விசாரித்தார். கோயில் அமைதியாகிவிட்டது.

1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். எங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. அழைக்காமலே மாடு வந்துவிடும் என்ற பயம்தான். ஒருவன் செம்மண்ணில் பிசைந்து வந்த மாட்டுக்கு முதுகு மேடேறி, கொம்பு வளைந்து, நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பூசியிருந்தது. சந்தேகமே இல்லை, காட்டுமாடு. குடிலுக்குள் நுழையவில்லை, வாசலில் நிறுத்தினோம். மூன்று ராஜாக்களை அதன் பக்கத்தில் வைக்கப் போனேன். தடுத்துவிட்டார்கள். காட்டுமாடு நின்றால் அது போகும்வரை தள்ளி நின்று காத்திருப்பதுதான் இந்த மலையின் சட்டம். ராஜாக்கள் ஜனவரி 6 வரை ஏன் தாமதித்தார்கள் என்பதற்கு நான் கேட்டதிலேயே ஒழுங்கான விளக்கம் இதுதான்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார் என்பார்கள். அவரிடம் சார்ட்டும் ஜிகினாவும் இல்லை. நமக்கும் உண்மையில் தேவையில்லை. குருத்தோலை ஞாயிறு இருக்கிறதே. அடிவாரத்து அய்யம்பாளையம் தோப்பிலிருந்து தென்னங்குருத்து மேலே வரும். பாட்டிமார் நடுவில் உட்காருவார்கள், புத்தகம் கிடையாது. ஈர்க்கை நகத்தால் கிழித்தெடுத்து, கீற்றை மடித்து, குறுக்கே இன்னொன்றைச் செருகி, நடுவில் சதுரமாக முடிச்சிட்டு இழுத்தால் சிலுவை. பையன்கள் கையில் அதே ஓலை கைக்கடிகாரமாகும், பாம்பாகும், முக்கால்வாசி பீப்பீயாகும். பவனி கிளம்பும்போது ஓசன்னாவைவிடப் பீப்பீதான் ஓங்கி ஒலிக்கும். எருசலேமிலும் பிள்ளைகள் சத்தம் தாங்காமல்தானே பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்?

அந்தச் சிலுவை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் வருஷம் முழுக்கக் காயும். மறுவருஷம் வாங்கிவந்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். இதைச் சொல்லி, வீட்டிலிருந்து பழைய சிலுவைகளைக் கொண்டுவரச் சொன்னேன். முடிச்சுப் பிசகாமல் பின்னத் தெரிந்த ஒரே பையன் வெகுநேரம் கழித்து வந்து ஒரு கோணல் சிலுவையை நீட்டினான்.

"இது நீ செஞ்சதில்லையே?"

"என்னோடது நல்லாருக்கு டீச்சர். இது தங்கச்சியோடது."

அவன் பின்னாலேயே தங்கச்சி அழுதுகொண்டு வந்து நின்றாள். அந்த வருஷம் எங்களுக்குத் தவக்காலம் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது.